திருடனுக்கு வைத்த வரிசை

1

“ரோட்டோர வரிசை எனக்கு வேணும். இப்பவே. நீங்க உசுரோட இருக்கும்போதே.”

இந்த ஒரு பேச்சுதான் இந்தக் கதைக்கு விதை. [விதை வேண்டாம். திராட்சையை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டித்தான் நடுகிறோம். ஆக, குச்சி.]

ஜனவரி மாதத்து ஞாயிறு, மதியச் சாப்பாட்டு மேசை. எல்விரா தன் அப்பா ஃபெர்மினின் முகத்துக்கு நேராகச் சொன்னது. அவளுக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து, சொல்லவே கூடாது என்று அம்மா கசில்தா சொல்லி வளர்த்த வாக்கியம். எங்கள் மஞ்சுவேலா மேட்டுத் திராட்சை ஊர்களில் அப்பன் இருக்கும்வரை பிள்ளைகள் எந்தக் கொடியையும் ‘என்னுது’ என்று சொல்வதில்லை. சொன்னால், மனுஷனை மூச்சு இருக்கும்போதே பெட்டிக்குள் படுக்கவைத்து ஆணி அடித்த மாதிரி.

மறுநாள் காலை, கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிரே இருக்கும் காபிக் கடையில் எல்விரா இதை என்னிடம் சொன்னாள். கோட்டில் இன்னும் கறிப் புகை வாடை. நகக்கண்ணில் மண்.

“எழுதுடி,” என்றாள். “ஆனா என்னப் பாவமா எழுதிறாத.”

பாவமாக எழுதுகிற ஆள் நான் இல்லை. அவள் பேசப் பேச எனக்குக் கை பரபரத்தது. காபி ஆறிப்போனதைக்கூடப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

(அ) “உறைபனியில் உறங்கும் திராட்சைக் கொடிகளின் நடுவே ஒரு பெண்...”

அடித்துவிட்டேன். கொடி உறங்கினால் உறங்கட்டும். அந்தப் பெண் யார், அந்தக் குளிரில் எதற்கு அங்கே போய் நிற்கிறாள்? ஒயினைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. மஞ்சள் வெயில், பழைய பீப்பாய், சுருக்கம் விழுந்த ஒரு கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரருடைய மகளுக்குக் கடைசிவரை ஒரு பெயர்கூட இருக்காது.

(ஆ) “ஃபெர்மின் ஒரு கொடுமைக்காரத் தகப்பன்.”

பொய். ஃபெர்மின் நல்ல மனிதர், அதுதான் தொல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஊரே திராட்சையைச் சங்கத்தில் கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த காலத்தில், சொந்தமாக ஒயின் கூடம் கட்டிப் புட்டியில் அடைத்தவர். மகளை ஒயின் படிப்பு படிக்கவைத்தவர். அந்தப் பரம்பரையில் பட்டம் வாங்கிய முதல் ஆள் எல்விரா. பட்டம் வாங்குகிற படத்தைச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் ருசி பார்க்கும் அறையில் மாட்டியிருக்கிறார். அந்தப் படத்துக்குக் கீழே அடுக்கியிருக்கும் புட்டிகளில் ‘ஃபெர்மினும் மகனும்’ என்று அச்சடித்திருக்கிறது.

மகன் பெயர் கொன்சாலோ. எல்விராவுக்கு மூத்தவன். விற்பனை அவன் பொறுப்பு. கண்காட்சி கண்காட்சியாகப் போய், “எங்க மண்ணோட திராட்சை மட்டும்தான் எங்க புட்டியில” என்று நெஞ்சைத் தட்டிக்கொள்வான். பொய்யில்லை. பிரெஞ்சுக் கொடி ஒன்றுகூட அவர்கள் காட்டில் கிடையாது.

(இ) எங்கள் ஊரில் திராட்சைத் தோட்டத்துக்கு வேலி கிடையாது.

இது பரவாயில்லை. இதிலேயே போகிறேன்.

வேலிக்குப் பதிலாக, ரோட்டை ஒட்டிய முதல் வரிசையில் புளிப்புத் திராட்சையை வைப்பார்கள். போகிறவன் வருகிறவன் ஒரு கொத்தைப் பறித்து வாயில் போடுவான். முகம் கோணும். துப்பிவிட்டு, தோட்டமே இப்படித்தான் போல என்று நடையைக் கட்டுவான். உள்ளே இருக்கும் கருத்த போபல் திராட்சை தப்பித்துவிடும். எங்கள் ஒயினெல்லாம் போபல்தான். ஊர் சோறு தின்பதே அதனால்தான். அந்த முதல் வரிசைக்குத் திருடன் வரிசை என்று பெயர். அதில் நிற்கிற கொடிக்கு மொராவியா ஆக்ரியா என்று பெயர். அவ்வளவு நீளமாக யார் கூப்பிடுவது? புளிச்சி.

புளிச்சியும் இந்த மண்ணின் கொடிதான். போபலுக்குச் சளைத்த பழசு இல்லை. ஆனால் அதை யாரும் ஒயினாக்குவதில்லை. அறுவடை எல்லாம் முடிந்தபிறகு அது பழுக்கும்; பழுத்தும் புளிக்கும்; குருவிக்கு விட்டுவிடுவார்கள்.

இப்போது கொன்சாலோ ஒரு அறுவடை மெஷின் வாங்கியிருக்கிறான். தோட்டம் முழுக்கக் கம்பி கட்டி, கொடிகளை அதற்குத் தோதாக நிமிர்த்தியாகிவிட்டது. வரிசை முடிகிற இடத்தில் மெஷின் திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் திருடன் வரிசை நிற்கிறது. கம்பி இல்லாமல், முழங்கால் உயரத்தில், தடித்த கட்டைகளாக. வருகிற வாரம் அதைப் பிடுங்கப்போகிறார்கள்.

எல்விரா கேட்டது அந்த வரிசையைத்தான். தோட்டத்திலேயே யாருக்கும் வேண்டாத வரிசை.

3

இந்தப் பகுதியை எழுதத்தான் இவ்வளவு நேரம் துடித்துக்கொண்டிருந்தேன்.

போன அக்டோபர். போபல் எல்லாம் தொட்டிக்குள் போய்விட்டது. பறிக்க வந்தவர்கள் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். எல்விரா மட்டும் ரோட்டோரம் குனிந்து புளிச்சியைப் பறித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட பஸ் அவளைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. சங்கத்து லாரிக்காரன் வேகத்தைக் குறைத்து, “என்ன எல்விரா, வினிகர் போடப் போறியா?” என்றான்.

“உன் வாயில ஊத்தத்தான்.”

கூடத்தின் மூலையில் கவிழ்ந்து கிடந்த ஆளுயர மண்சாடியைத் தானே உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினாள். பழத்தைக் காம்போடு போட்டாள். மிதித்தாள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. [அவளுக்குத் தூக்கம் இல்லை என்று எழுதினேன். “நல்லாத் தூங்கினேன்டி” என்கிறாள். சரி, தூங்கினாள்.] அப்புறம் ஒருநாள் காலையில் சாடியின் வயிற்றில் காதை வைத்தால், உள்ளே சந்தை கூடியிருந்தது. நொதிக்க ஆரம்பித்த சாறு ஆயிரம் வாயால் பேசுகிற சத்தம். அவள் சிரித்துவிட்டாள். தனியாக, சாடியைக் கட்டிக்கொண்டு, லூசு மாதிரி.

டிசம்பரில் முதல் மடக்கு. மாதுளையை வாய் நிறைய உடைத்துப் போட்ட மாதிரி. நாக்கின் இரண்டு ஓரத்திலும் எச்சில் பீறிட்டது. போபல் நம் தோளில் கை போட்டு உட்காரவைக்கும். இது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடியது.

அதோடு ஒரு விஷயம். கொஞ்ச காலமாக எங்கள் வெயில் பழைய வெயில் இல்லை. போபல் இனிப்பு ஏறிக் கொழுத்துப்போகிறது, புளிப்பு இறங்கிவிடுகிறது. புளிப்பு இல்லாத ஒயின் கெடாமல் நிற்காது. அதனால் எல்லாக் கூடங்களையும் போல ஃபெர்மினின் கூடத்திலும் புளிப்புத் தூளை மூட்டையில் வாங்கித் தொட்டியில் கொட்டுகிறார்கள். சட்டம் அனுமதிக்கிறதுதான். எல்விரா கேட்பது ஒன்றே ஒன்று: மூட்டையில் புளிப்பை வாங்கிக் கொட்டுகிறவர்கள், ரோட்டோரத்தில் சும்மா காய்க்கிற புளிப்பை எதற்காகப் பிடுங்கி எறிகிறார்கள்?

[எல்விரா மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு தெரிந்தவள் டிசம்பரிலேயே அப்பாவிடம் ஏன் போய்ச் சொல்லவில்லை? கேட்டேன். “சொன்னேன். தலையாட்டினாரு” என்றாள். அந்த வீட்டில் கொன்சாலோ சொன்னால் அது வேலை. எல்விரா சொன்னால் தலையாட்டல். படிக்கவைத்தாகிவிட்டது, அதற்குமேல் காதும் கொடுக்க வேண்டுமா?]

தலையாட்டலை நம்பி அவள் உட்காரவில்லை. கவாத்து முடிந்ததும் வெட்டிப்போட்ட புளிச்சிக் குச்சிகளைப் பொறுக்கி எடுத்து, சிவப்புக் கம்பளி நூலால் கட்டுக் கட்டாகக் கட்டினாள். பழம் மிதிக்கிற பழைய மிதிதொட்டியில் ஈர மணல் பரப்பி, மேலே நனைத்த சாக்கைப் போர்த்திவைத்தாள். குச்சி காய்ந்துவிடாமல் இருந்தால், வசந்தத்தில் வேறு கட்டைகளில் ஒட்டுக்கட்டலாம். வரிசையைப் பிடுங்கினாலும் புளிச்சி பிழைத்துக்கொள்ளும்.

அம்மாவிடம் அதையும் சொன்னாள். அம்மா தலையாட்டினாள்.

4

சாப்பாட்டு மேசைக்கு வருவோம்.

கொன்சாலோ முற்றத்தில் கொடிக்குச்சி நெருப்பில் ஆட்டு சாப்ஸ் வாட்டிக்கொண்டிருந்தான். கசில்தா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள். எல்விரா ஒரு பிளாஸ்டிக் கேனில் சாடி ஒயினைக் கொண்டுவந்திருந்தாள். எது என்று சொல்லாமல் அப்பாவின் டம்ளரில் ஊற்றினாள்.

ஃபெர்மின் குடித்தார். நாக்கைச் சப்பினார். டம்ளரை மறுபடி அவள் பக்கம் தள்ளினார், அவள் ஊற்றியதையும் குடித்தார்.

[இங்கே நிறுத்தச் சொல்லி என் விரல்கள் கெஞ்சின. அப்பா, டம்ளர், மௌனம்; பத்திரிகைக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டார்.]

“யாருதும்மா இது? ஆத்துப் பள்ளத்துத் தோட்டக்காரங்களுதா?”

“நம்மளுது. புளிச்சி.”

டம்ளரைக் கீழே வைத்தார். “அதான பாத்தேன். சோடா கலந்தா குடிக்கலாம்.”

“ரெண்டு டம்ளர் கலக்காமத்தானப்பா குடிச்சீங்க.”

“தாகம்.”

கொன்சாலோ முதல் தட்டு சாப்ஸோடு உள்ளே வந்தான். “ஓகோ, இந்தப் புளிச்சி அந்தப் புளிச்சியக் கொண்டாந்திருக்காளா?”

“நீயும் ஒரு வாய் குடி. மூட்டைப் பவுடரக் குடிச்சுக் குடிச்சு உன் நாக்கு செத்திருக்கும்.”

“மூட்ட நல்லதுடி. கேள்வி கேக்காது.”

“கொன்சாலோ, அந்த வரிசையப் புடுங்காத.”

“மெஷினு எங்க திரும்பும்? ஒந்தலையிலயா?”

“கண்காட்சியில எங்க மண்ணு எங்க மண்ணுங்கிறியே. அது எந்த மண்ணுல நிக்குது?”

“அது ரோட்டு மண்ணு,” என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டை எடுக்கப் போனான். ஃபெர்மின் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள், பாவம், வாயை மூடிக்கொண்டு.

அந்தச் சிரிப்பில்தான் எல்விரா சொன்னாள். கத்தவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். ரோட்டோர வரிசை எனக்கு வேணும். இப்பவே. நீங்க உசுரோட இருக்கும்போதே.

கசில்தாவின் கத்தி ரொட்டியில் பாதியில் நின்றது.

ஃபெர்மின் மகள் பக்கம் திரும்பினார். “அது திருடனுக்கு வச்சது. நீ என்ன திருடியா?”

“திருடி கேக்க மாட்டாப்பா. நான் கேக்குறேன்.”

“நான் போனப்புறம் எல்லாம் உங்களுக்குத்தான.”

“எமிலியா அத்தைக்கும் இதத்தான் சொன்னாங்க.”*

“எல்வி,” என்றாள் அம்மா. அவ்வளவுதான். ஒரு பெயரில் எத்தனை ‘வாயை மூடு’ அடங்கும் என்று எல்விரா சொல்லிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

_______
* எமிலியா: ஃபெர்மினின் அக்கா. ஆயுசு முழுக்க ஒன்றும் கேட்காதவள் என்று ஊரே மெச்சியது. அடக்கத்தன்றும் மெச்சினார்கள். பங்காக வந்தது ஒரு செப்புப் பாத்திரம். இந்த அடிக்குறிப்பை ஒரு முழுக் கதையாக எழுதியிருக்கலாம். கோபம் வருகிறது, அதனால் அடியிலேயே இருக்கட்டும்.

5

“ஏன்டா இவ்ளோ பொகை?” கசில்தா முற்றத்துப் பக்கம் திரும்பிக் கேட்டாள். பேச்சை மாற்றத்தான் கேட்டாள்.

“குச்சி ஈரம்மா,” என்றான் கொன்சாலோ வெளியிலிருந்து. “மிதிதொட்டியில கெடந்துச்சு. யாரோ அழகாக் கட்டி வச்சிருந்தாங்க, அப்படியே தூக்கிப் போட்டேன். மொதல்ல எரியவே மாட்டேன்னுச்சு.”

எல்விரா எழுந்து வாசலுக்குப் போனாள். தணலின் ஓரத்தில் சிவப்புக் கம்பளி நூல் ஒன்று புழு மாதிரி சுருண்டுகொண்டிருந்தது. மேலே கம்பித் தட்டில் சாப்ஸ் கொழுப்பு சொட்டிச் சீறியது.

யோசித்துப் பாருங்கள், இந்தத் தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? அழகாகக் கட்டிவைத்த கொடிக்குச்சியைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரன் மூளையில் ஒரே ஒரு படம்தான் வரும்: கறி. அவன் வேண்டுமென்று செய்யவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டை போடலாம். அவள் சொன்னது அவன் காதுவரைக்கும் போகவே இல்லை. அதோடு எப்படிச் சண்டை போடுவது?

[இங்கே எல்விரா அழுதாள் என்று எழுதினேன். அடித்தேன். தட்டைத் தூக்கி எறிந்தாள் என்று எழுதினேன். அதையும் அடித்தேன்.]

அவள் மேசைக்குத் திரும்பி வந்து ஒரு சாப்ஸை எடுத்துக் கடித்தாள். அப்புறம் இன்னொன்று.

“நம்பவே மாட்டாங்கடி,” என்றேன் காபிக் கடையில்.

“நம்பாட்டிப் போறாங்க. பசி. நல்லாவும் இருந்துச்சு.”

6

முடிவுகள். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

முதல் முடிவில் ஃபெர்மின் எழுந்து வந்து, நூலின் சாம்பலைப் பார்த்து, மகள் தோளில் கை வைத்து... இதை முழுசாக எழுதினேன். படித்துப் பார்த்தேன். ஆயுசு முழுக்கத் தலையாட்டிய மனிதர் எனக்கு ஒரு பத்தி தேவைப்படுகிறது என்பதற்காகத் திருந்துவாரா? கிழித்தேன்.

இரண்டாவதில் அறுவடை மெஷின் திரும்பும்போது ரோட்டுப் பள்ளத்தில் சாய்கிறது. உள்ளே கொன்சாலோ, உதட்டில் மட்டும் காயம். ஒரு பக்கம் முழுக்கச் சந்தோஷமாக எழுதினேன். மெஷின் என்ன பாவம் செய்தது? எடுத்துவிட்டேன். [மனசே இல்லை.]

மூன்றாவதில் எல்விரா பொறுத்துக்கொள்கிறாள். காத்திருக்கிறாள். அதை நான் எழுத மாட்டேன். அது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிற முடிவு. ஒரு செப்புப் பாத்திரத்தோடு முடியும்.

நான்காவது என்ன என்று தெரியாமல், திங்கள் சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். “எல்லாம் எரிஞ்சு போச்சு. அப்புறம் எப்படிடி உன்னால சாப்ஸ் தின்ன முடிஞ்சுது? ஏதோ மறைக்கிற.”

சிரித்தாள். “கை ரம்பம் கார்லதான இருந்துச்சு.”

“எப்ப வச்ச?”

“சாப்பிட வர்றதுக்கு முன்னாடியே.”

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நடந்துகொண்டே கேட்டேன். கவாத்து செய்யும்போது ஒவ்வொரு கட்டையிலும் கட்டைவிரல் நீளத்துக்குக் குச்சியை மிச்சம் வைப்போம். அதில் இரண்டு கணு இருக்கும். அடுத்த வருஷத்துக் கொத்து அதிலிருந்துதான் வரும். பிடுங்கப்போகிற வரிசைக்கு அடுத்த வருஷம் ஏது? யாரும் எண்ணிப்பார்க்க மாட்டார்கள். ரம்பத்தால் அறுத்து எடுத்தால் அந்தக் கணுக்கள் போதும் ஒட்டுக்கட்ட. கட்டுவதற்குக் கட்டைகளும் தயார். கல்லறைத் தோட்டத்துக்குக் கீழே பெனிக்னாவின் காடு, அவள் புருஷன் போனதிலிருந்து சும்மா கிடக்கிற போபல். கிறிஸ்துமஸ் அன்றே பெனிக்னாவிடம் பேசிக் கைகொடுத்தாகிவிட்டது. பெனிக்னா போட்ட ஒரே நிபந்தனை: “என் பேரப் புட்டியில போடாத. உன் பேரப் போடு.”

“அப்ப அப்பாகிட்ட எதுக்குடி கேட்ட?”

“கேக்காமலே போனாள்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதுல்ல.”

பாருங்கள். அந்தக் கோரிக்கைதான் தொடக்கம் என்று நினைத்து அதை முதல் வரியில் கொண்டுபோய் வைத்தேன். அவளுக்கு அது கடைசி வரி.

7

ஆக, உங்களுக்கு விட்டுவைப்பது இவை. ரோட்டோரத்தில் ரம்பச் சத்தம் கேட்டு ஃபெர்மின் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாரா, நாற்காலியிலேயே இருந்தாரா? ஏப்ரலில் ஒட்டு பிடிக்குமா? பெனிக்னாவின் காட்டில் புளிச்சி காய்த்தால் லாரிக்காரன் என்ன சொல்வான்? எதை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றை மட்டும் தரமாட்டேன்.

அந்த ஞாயிறு மேசையில் எல்விரா எலும்பைத் தட்டில் வைத்தாள். கை கழுவினாள். கோட்டை எடுத்தாள்.

“காபி குடிச்சிட்டுப் போ,” என்றாள் கசில்தா. சொல்லிக்கொண்டே மேசையிலிருந்த கேனை எடுத்து, மூடியை இறுக்கி, கொன்சாலோவின் கை எட்டாத மேல்தட்டில் வைத்தாள். அதை ஏன் செய்தாள் என்று எல்விராவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

“வேணாம்மா.”

“எங்க போறா இவ?” என்றான் கொன்சாலோ.

“ரோட்டுக்கு,” என்றாள் எல்விரா.

“அங்க என்ன இருக்கு?”

“ஒனக்கு ஒண்ணும் இல்ல.”

ஃபெர்மின் தலையைத் திருப்பவில்லை. டம்ளரின் அடியில் மிச்சமிருந்ததைச் சுழற்றிக்கொண்டிருந்தார். “போறவ கதவச் சாத்திட்டுப் போ. பொகை உள்ள வருது.”

எத்தனை தலைமுறையாகக் காத்துக்கொண்டிருந்த வரிசை அது. ஒரு திருடனும் இரண்டாவது கொத்தைத் தொட்டதில்லை. முதல்முறையாக, அதன் ருசி தெரிந்த ஒருத்தி அதைத் திருட வந்துகொண்டிருந்தாள்.

கதவை அவள் சாத்தவில்லை.